மூச்சு வாங்கும் லாரிகள்

மணாலியிலிருந்து லே வரை சுமார் 475 கி.மீ. பழைய லாரிகளுக்கு இந்தச் சாலையில் பஞ்சம் டீசலுக்கு அல்ல, காற்றுக்கு.

பாரலாச்சா கணவாயில் பழைய லாரி ஒன்று கண்ணில் படுவதற்கு வெகு நேரம் முன்பே காதில் விழுந்துவிடும். மலை மடிப்புகளுக்குள் எங்கோ ஒரு முனகல். நெருங்கி வருவதாகவும் தெரியாது, அடங்குவதாகவும் தெரியாது. கால் மணி நேரம் கழித்து, வளைவில் முதலில் கரும்புகை தலைகாட்டும். பிறகு மஞ்சளும் சிவப்புமாகப் பூ வரைந்த மரக் கூண்டு, திருஷ்டிக்குக் கட்டிய கறுப்புக் குஞ்சம். மனிதன் நடக்கும் வேகத்தைவிட ஒரு பிடி அதிகம், அவ்வளவுதான். ஏற்றம் கடுமையான இடங்களில் கிளீனர் கீழே குதித்துப் பின்சக்கரத்தை ஒட்டியே வருவார். கையில் ஒரு மரக்கட்டை. வண்டி நின்றுவிட்டால் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க.

இந்தச் சாலையின் விசித்திரம் அதன் ஏற்ற இறக்கத்தில் இருக்கிறது. மணாலி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,000 மீட்டர் உயரம். லே 3,500 மீட்டர். ஆக, ஏறவேண்டியது 1,500 மீட்டர்தானே என்று தோன்றும். இமயமலை அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. முதலில் ரோஹ்தாங், 3,978 மீட்டர். ஏறிய உயரத்தில் பெரும்பகுதியை மறுபுறம் சந்திரா நதிப் பள்ளத்தாக்கில் இறங்கித் தொலைக்கவேண்டும். கேலாங், தார்ச்சா தாண்டி மீண்டும் ஏறினால் பாரலாச்சா, கிட்டத்தட்ட 4,900 மீட்டர். சர்ச்சு சமவெளியில் சற்று இளைப்பாறல். அப்புறம் கட்டா வளைவுகள், நகீ லா, 5,000 மீட்டரைத் தாண்டும் லாச்சுங் லா. கடைசியாக டங்லங் லா, 5,328 மீட்டர். ('லா' என்றால் அந்தப் பக்கத்து மொழியில் கணவாய்.) சம்பாதித்த உயரத்தை ஒவ்வொரு முறையும் செலவழித்துவிட்டு மறுபடி சம்பாதிக்கவேண்டிய பாதை இது.

ராணுவத் தேவைக்காக உருவான இந்த வழி 1989இல்தான் பொதுப் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. லடாக்குக்கு இன்னொரு தரைவழி ஸ்ரீநகரிலிருந்து ஜோஜி லா கணவாய் வழியாகச் செல்வது. பல ஆண்டுகள் இரண்டு வழிகளையுமே பனிக்காலம் மூடிவிடும். அரிசி, கோதுமை மாவு, மண்ணெண்ணெய், சமையல் வாயு, சிமெண்ட் என்று லேயின் குளிர்காலம் முழுவதும் சில மாதக் கோடையில் லாரி ஏறிப் போய்ச் சேர்ந்தாகவேண்டும். அக்டோபருக்குள் போய்ச் சேராத ஒரு சுமை, ஒரு வீட்டில் எரியாத அடுப்பு. திரும்பும் வழியில் லாஹுல் பள்ளத்தாக்கின் பட்டாணியும் உருளைக்கிழங்கும் கிடைத்தால் டிரைவருக்கு அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் காலி வண்டி.

அந்தச் சுமையைத் தூக்கியவை எப்படிப்பட்ட வண்டிகள்? அவற்றின் ஜாதகம் நெற்றியிலேயே எழுதியிருக்கும். டாடா 1210 என்றால் சுமையோடு சேர்த்து மொத்த எடை 12 டன், எஞ்சின் சுமார் 100 குதிரைசக்தி. 1612 என்றால் 16 டன், 120 குதிரைசக்தி. எஞ்சினுக்கும் இப்படி ஒரு சங்கேதம் உண்டு. 692 என்றால் ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றின் உள்விட்டமும் 92 மில்லிமீட்டர். 697 என்றால் 97 மில்லிமீட்டர். 1954இல் டெல்கோ நிறுவனம் ஜெர்மனியின் டெய்ம்லர்-பென்ஸோடு கைகோத்து ஜாம்ஷெட்பூரில் லாரி தயாரிக்க ஆரம்பித்தது. 1969இல் ஒப்பந்தம் முடிந்து மூக்கிலிருந்த மெர்சிடிஸ் நட்சத்திரம் போனது. உள்ளிருந்த ஜெர்மன் பரம்பரை போகவில்லை. ராணுவத்துக்கோ இன்னொரு ஜெர்மன் வாரிசு இருந்தது. மேன் நிறுவனத்தின் உரிமத்தில் ஜபல்பூரில் உருவான சக்திமான்.

இந்த எஞ்சின்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு பொதுக்குணம். காற்றைத் தாமாகவே இழுத்துக்கொள்ளவேண்டும். காற்றை அழுத்தி உள்ளே திணிக்கும் டர்போ கிடையாது. சமவெளியில் இது ஒரு குறையே அல்ல. பாகங்கள் குறைவு, ரிப்பேர் எளிது, சாலையோர மெக்கானிக்கே ஸ்பேனரை வைத்துச் சரிசெய்துவிடுவார். தகராறு மலையில்தான் ஆரம்பிக்கிறது.

ஒரு கிலோ டீசல் புகையில்லாமல் எரிய ஏறத்தாழ 20 கிலோ காற்று வேண்டும். காற்றுக்கு எடையா என்று கேட்பவர்களுக்கு எஞ்சின்தான் பதில் சொல்லவேண்டும். சிலிண்டரின் கொள்ளளவு சென்னையிலும் டங்லங் லாவிலும் ஒன்றுதான். அதை நிரப்பும் காற்றின் எடைதான் வேறு. ரோஹ்தாங் உச்சியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் மூன்று பங்கு. டங்லங் லாவில் கிட்டத்தட்ட சரிபாதி. அங்கே குளிர் அதிகம் என்பதால் காற்று கொஞ்சம் இறுகியிருக்கும். அந்தச் சலுகையையும் சேர்த்துக்கொண்டால்கூட, கடல் மட்டத்தில் 100 கிலோ காற்றை இழுக்கும் எஞ்சின் இங்கே 60 கிலோவை எட்டாது. காற்று எவ்வளவோ அவ்வளவுதான் எரிப்பு; எரிப்பு எவ்வளவோ அவ்வளவுதான் பலம். 100 குதிரைகளோடு புறப்பட்ட வண்டியில் 40 குதிரைகள் வழியிலேயே கழன்றுகொள்கின்றன. சுமை மட்டும் ஒரு மூட்டைகூடக் குறைவதில்லை.

இந்தச் செய்தி எஞ்சினின் இன்னொரு உறுப்புக்கு எட்டுவதே இல்லை. அதுதான் டீசல் பம்ப். பழைய வண்டிகளில் அது முழுக்க முழுக்க இயந்திரம். ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதிக்கிறார்களோ அதற்கு ஏற்ற டீசலை அனுப்பிவிடும். உள்ளே காற்று இருக்கிறதா என்று விசாரிக்காது. விளைவு, பாதி வெந்த டீசல் கரியாகி வெளியே வருகிறது. கணவாய்களில் தெரியும் அந்தக் கரும்புகை, பலமாக மாறாமல் போன எரிபொருள். எஞ்சின் பலத்தைக் காட்டாமல் சூட்டை மட்டும் காட்டும். வால்வும் பிஸ்டனும் வேகும்.

ஆகவே சமவெளியில் பழகிய காலுக்கு இங்கே மறுபாடம் தேவைப்பட்டது. வண்டி திணறினால் இன்னும் மிதிப்பது மனித இயல்பு. மலைப் பழக்கம் உள்ள டிரைவர் கண்ணாடியில் பின்னால் போகும் புகையைப் பார்ப்பார். புகை கறுத்தால் காலைக் கொஞ்சம் தளர்த்துவார். சாம்பல் நிறத்துக்குத் திரும்பும் புள்ளி எதுவோ அதற்குமேல் மிதித்துப் பயனில்லை என்று அவருக்குத் தெரியும். புகைதான் அவருடைய காற்றழுத்தமானி. இந்தப் பாதையிலேயே ஓடும் வண்டிகளுக்கு மெக்கானிக்குகள் பம்பின் உச்ச அளவையே திருகிக் குறைத்துவைப்பதும் உண்டு. கீழே இறங்கினால் அதே வண்டி மந்தமாக ஓடும். இரண்டில் ஒன்றைத்தான் பெறமுடியும்.

பலம் போனபின் மிச்சம் இருப்பது கியர். பழைய லாரிக்கு ஐந்து கியர்கள். முதல் கியரில் எஞ்சின் ஏழரைச் சுற்றுச் சுற்றினால்தான் கியர்பெட்டிக்கு வெளியே தண்டு ஒரு சுற்றுச் சுற்றும். அதற்கப்புறம் பின் அச்சில் கிரவுன் பினியன். ஸ்பேர் கடைகளில் இதை '6க்கு 41' என்றும் '7க்கு 41' என்றும் பற்களின் எண்ணிக்கையைச் சொல்லியே கேட்பார்கள். 6க்கு 41 என்றால் இன்னொரு ஏழு மடங்குக் குறைப்பு. இரண்டையும் பெருக்கினால், முதல் கியரில் எஞ்சின் 51 தடவை சுற்றினால் சக்கரம் ஒரு தடவை சுற்றுகிறது. நிமிடத்துக்கு 2,000 சுற்றில் எஞ்சின் அலறிக்கொண்டிருக்கும்போது வண்டியின் வேகம் மணிக்கு 8 கி.மீ.கூட இல்லை. அதே சுற்றில் ஐந்தாவது கியர் 58 கி.மீ. தரும்.

7க்கு 41 போட்ட வண்டி அதே டாப் கியரில் 67 கி.மீ. போகும். பஞ்சாபின் நேர்ச்சாலையில் அது லாபம், டீசலும் மிச்சம். மலையில் அதே வண்டி ஒவ்வொரு கியரிலும் ஏழில் ஒரு பங்கு இழுவையை இழந்திருக்கும். ஒரேயொரு பல் வித்தியாசத்தில், ஒரு வண்டி எந்த ஊருக்குப் பிறந்தது என்பது முடிவாகிவிடுகிறது. சமவெளி வண்டியை வாங்கி மலைக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பதை முதல் கணவாய் சொல்லித்தரும்.

கியர் பலத்தை உண்டாக்குவதில்லை. வேகத்தை வாங்கிக்கொண்டு இழுவையைக் கொடுக்கும் தரகர் அது. நூறு மீட்டருக்கு ஏழு மீட்டர் ஏறும் சரிவில், முழுச் சுமையோடு உள்ள ஒரு 1210 கடல் மட்டக் காற்று இருந்தால் மணிக்கு 27 கி.மீ. வேகத்தில் ஏறலாம். அதே சரிவு டங்லங் லா உயரத்தில் இருந்தால் 16ஐத் தாண்டமுடியாது. இந்த இடத்தில் கியர்பெட்டியின் ஒரு குறை வெளிப்படுகிறது. 2,000 சுற்றில் இரண்டாம் கியர் தரும் வேகம் 14, 15 கி.மீ. முதல் கியர் 8. நடுவில் எதுவும் இல்லை. சுமை சரியாக இருந்தால் இரண்டாம் கியர் தள்ளாடித் தள்ளாடியாவது தாங்கும். பேராசையில் மூன்று டன் கூடுதலாக ஏற்றியிருந்தால் தாங்காது. மணிக்கு 8 கி.மீ.தான் கதி. சரக்கு ஏற்றிய இடத்தில் செய்த கணக்குக்கு விலை கணவாயில் தெரியவரும்.

இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறக்குவதும் லேசுப்பட்ட காரியம் அல்ல. பற்களைத் தானாக இணக்கும் சிங்க்ரோமெஷ் இல்லாத கியர்பெட்டியில் 'டபுள் கிளட்ச்' அடிக்கவேண்டும். கிளட்சை மிதித்து லீவரை நியூட்ரலுக்கு எடுத்து, கிளட்சை விட்டு, ஆக்சிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டிச் சுற்றை ஏற்றி, மறுபடி கிளட்சை மிதித்து லீவரைத் தள்ளவேண்டும். அத்தனையும் ஒரு மூச்சு நேரத்தில். மெல்லிய காற்றில் எஞ்சினின் சுற்று ஏறுவதே தாமதம். தவறினால் பற்கள் கடகடவென்று அலறும், லீவர் உள்ளே போகாது, வண்டி நின்று பின்னால் நகர ஆரம்பிக்கும். அந்தக் கணத்துக்காகத்தான் கிளீனரின் கையில் அந்த மரக்கட்டை. உஸ்தாத் என்று அவர் அழைக்கும் டிரைவரின் உயிரும், பின்னால் வரும் வண்டிக்காரர்களின் உயிரும் அந்தக் கட்டை எவ்வளவு சீக்கிரம் டயருக்கு அடியில் போகிறது என்பதைப் பொறுத்தது.

தண்ணீரும் இங்கே வேறு குணம் காட்டும். டங்லங் லா உயரத்தில் அது 82 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடுகிறது. ரேடியேட்டர் மூடி கொஞ்சம் அழுத்தம் கூட்டித் தாங்கும். மூடி தேய்ந்த பழைய வண்டியில் அதுவும் இல்லை. ஊர்ந்து ஏறும் லாரிக்கு எதிர்க்காற்றும் கிடையாது. எனவே வழியில் ஓடும் பனி நீரோடைகள் எல்லாம் லாரிகளின் தண்ணீர்ப் பந்தல்கள். பானெட்டைத் திறந்துவைத்து, ஆவி அடங்கக் காத்திருந்து, தகர டப்பாவால் மொண்டு ஊற்றுவார்கள். அதே வண்டி ராத்திரி சர்ச்சுவில் நின்றால் சிக்கல் தலைகீழாகிவிடும். டீசலே உறைந்து மெழுகாகும். டாங்குக்கு அடியில் நெருப்பு மூட்டுவதும், டீசலில் மண்ணெண்ணெய் கலப்பதும் அங்கே பழைய கைவைத்தியங்கள். 33 டிகிரி பூஜ்யத்துக்குக் கீழேயும் ஓடும் குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் லடாக்குக்கு அளித்தது 2019 நவம்பரில்தான்.

அந்த டீசலையும் எண்ணிச் செலவழிக்கவேண்டிய பாதை இது. கேலாங்குக்கு முன்னால் சந்திராவும் பாகாவும் கூடும் தாண்டியில் ஒரு பெட்ரோல் பங்க். அடுத்த பங்க் 365 கி.மீ. தூரத்தில் என்று சொன்ன அதன் அறிவிப்புப் பலகை பயணிகளிடையே பிரசித்தம். முதல் கியரில் ஏறும் வண்டிக்கு 365 என்பது சமவெளியின் 365 அல்ல.

சர்ச்சுவைத் தாண்டியதும் கட்டா வளைவுகள். 21 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறத்தாழ 450 மீட்டர் ஏற்றம். நீள வண்டிகள் ஒரே வெட்டில் திரும்பாது; பாதியில் நிறுத்திப் பின்னால் எடுத்து மறுபடி திருப்பவேண்டும். இங்கே சாலையோரத்தில் ஒரு சிறு சமாதி. சுற்றிலும் தண்ணீர் பாட்டில்கள் குவிந்து கிடக்கும். பருவம் முடியும் நேரத்தில் ஒரு லாரி இங்கே பழுதாகி நின்றதாம். உடல்நிலை சரியில்லாத கிளீனரைக் காவல் வைத்துவிட்டு டிரைவர் உதவி தேடி நடந்தாராம். பனி கொட்டிப் பாதை அடைபட்டு, அவர் திரும்பி வருவதற்குள் கிளீனர் இறந்துவிட்டாராம். அப்புறம் தண்ணீர் கேட்டு ஒரு உருவம் வண்டிகளை மறிக்கிறது என்ற பேச்சு கிளம்பியது. நின்று ஒரு பாட்டில் தண்ணீரும் சிகரெட்டும் வைத்துவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. பேயை நம்பாதவர்களுக்கும் இந்தக் கதையில் நம்ப முடியாதது எதுவும் இல்லை. வண்டி நின்றுபோனால் இந்த மலையில் என்ன நடக்கும் என்பதைத்தான் அது சொல்கிறது. சாலையில் டிரைவருக்காக அல்ல, கிளீனருக்காக ஒரு சமாதி இருப்பதும் கவனிக்கத்தக்கது.

பாங் என்ற இடத்தைக் கடந்து மேலே ஏறினால் மோரே சமவெளி. கிட்டத்தட்ட 4,700 மீட்டர் உயரத்தில் 40 கி.மீ. நீளத்துக்குத் தட்டையான நிலம். அதுவரை முக்கி முனகிய லாரி இங்கே டாப் கியர் போட்டு ஜம்மென்று ஓடும். காற்று கூடிவிடவில்லை. ஏற்றம் இல்லை, அவ்வளவுதான். தட்டையான நிலத்தில் சக்கரத்தை உருட்ட, ஏழு சத ஏற்றத்துக்குத் தேவைப்படும் இழுவையில் ஏழில் ஒரு பங்கு போதும். உயரம் மட்டும் லாரியை நிறுத்துவதில்லை, சரிவு மட்டும் நிறுத்துவதில்லை. இரண்டும் சேரும் இடம்தான் கணவாய்.

ஏறிவிட்டால் கண்டம் தீர்ந்தது என்று நினைப்பது புதியவர்கள் மட்டுமே. டங்லங் லாவிலிருந்து சிந்து நதிக்கரையில் உள்ள உப்ஷிக்கு சுமார் 60 கி.மீ. இறக்கம், உயர வித்தியாசம் 1,900 மீட்டர் அளவு. 12 டன் வண்டி அந்த உயரத்தை இழக்கும்போது வெளிப்படும் ஆற்றல், 600 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. சாலையின் உராய்வு ஒரு பகுதியைத் தின்றுவிடும். மீதி அனைத்தும் பிரேக் டிரம்மிலோ எஞ்சினிலோ தீரவேண்டும். டிரம் சூடேறினால் லைனிங்கின் பிடி நழுவும். மிதி உள்ளே போகும், வண்டி நிற்காது. எஞ்சினைப் பிரேக்காகப் பயன்படுத்துவதுதான் ஒரே வழி. அதற்குக் கியர் கீழே இருக்கவேண்டும். எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரில் இறங்கு என்பது இந்தியச் சாலைகளில் லாரி டிரைவர்கள் ஒருவருக்கொருவர் கற்றுத்தரும் முதல் பாடம். அதை மீறுவதன் விலை லடாக்கில் மட்டும் தெரிவதில்லை. தர்மபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே தொப்பூர் கணவாயில், டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கிய லாரிகள் எத்தனை பேரைக் கொண்டுபோயிருக்கின்றன என்பதைத் தமிழ்நாட்டுப் பத்திரிகை வாசகர்கள் அறிவார்கள். தொப்பூரில் அந்த இறக்கம் சில கிலோமீட்டர்தான். இங்கே பாதி நாள்.

இப்போது காட்சி மாறிவிட்டது. 2020 அக்டோபர் 3 அன்று திறக்கப்பட்ட, 9 கி.மீ. நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை ரோஹ்தாங்கை அடியோடு தவிர்த்து, தூரத்தில் 46 கி.மீ. குறைத்தது. 2024இல் ஷிங்கு லாவுக்கு அடியிலும் சுரங்க வேலை தொடங்கியது. எஞ்சின்களும் மாறின. 1990களிலிருந்து டர்போ பரவியது. மாசுக் கட்டுப்பாடு இறுகி, 2020 ஏப்ரலில் ஆறாம் பாரத் தரம் வந்தபோது, பழைய பம்பின் இடத்தில் மின்னணுக் கட்டுப்பாடு முழுமையாக வந்து உட்கார்ந்தது. காற்றழுத்தத்தை ஒரு உணரி அளந்து சொல்கிறது. டீசல் அதற்கேற்பக் குறைகிறது. டிரைவர் கண்ணாடியில் புகை பார்க்கவேண்டியதில்லை. 2021இல் வந்த பழைய வாகனக் கழிவுக் கொள்கை, தகுதிச் சோதனையில் தேறாத கிழட்டு வண்டிகளை ஓரங்கட்டச் சொல்கிறது. லேயில் குளிர்காலத்தைக் கழிக்கும் குடும்பங்களுக்கும், ராத்திரியில் டாங்குக்கு அடியில் நெருப்பு மூட்டிய கிளீனர்களுக்கும் இதெல்லாம் நல்ல செய்தி. அந்தக் கரும்புகைக்காக யாரும் கண்ணீர் விடத் தேவையில்லை.

ஆனால் புதிய எஞ்சின் ஏற்றத்தைத்தான் சுலபமாக்கியிருக்கிறது. மூன்று அச்சு, நான்கு அச்சு வண்டிகள் பழைய 1210ஐப்போல இரண்டு, மூன்று மடங்கு எடையோடு கணவாய்களை விரைவாகத் தாண்டுகின்றன. அதே எடைதான் மறுபுறம் இறங்கவும் போகிறது. எக்ஸாஸ்ட் பிரேக் உதவும். அதுவும் கியர் கீழே இருந்தால்தான் முழுசாக உதவும். கணவாய்க்கு மேலே திணறித் திணறி வந்த பழைய டிரைவருக்கு, தன் வண்டி எவ்வளவு கனம் என்பதை ஏற்றமே ஒவ்வொரு அடியிலும் சொல்லிக்கொண்டு வந்தது. இறங்கும்போது அவர் அதை மறக்கவில்லை. சிரமமில்லாமல் உச்சிக்கு வந்து சேருகிறவருக்கு அதை யாராவது சொல்லித்தரவேண்டியிருக்கிறது.